ஸ்டாப் வாட்ச் பிடித்த மனிதர்: எஃப். டபிள்யூ. டெய்லர்



மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிற நம் எல்லோருக்கும் டெய்லர் என்ற பெயர் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, மெட்டல் கட்டிங் பாடத்தில் டூல் லைஃப் ஈக்வேஷன். வி டி பவர் என் ஈக்வல் டு சி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். இன்னொன்று, மேனேஜ்மென்ட் பாடத்தில் சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்டின் தந்தை. இந்த இரண்டு டெய்லரும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேருக்கு இப்போதுதான் தெரிகிறது என்பது எனக்குத் தெரியும்!

இரண்டும் ஒரே ஆள்தான். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். முதல் வாரம் டரெட் லேத்தில் இருந்த ஒரு அண்ணனிடம் விட்டார்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கும் எடுத்து வைப்பார். இரண்டாவது வாரம் என் கையில் ஒரு கிளிப் பேடும் ஸ்டாப் வாட்ச்சும் கொடுத்து, அதே அண்ணன் ஒரு பீஸ் முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று இருபது சைக்கிள் எழுதி வரச் சொன்னார்கள். நான் வாட்ச்சோடு போய் நின்றதும் அவர் கை மெதுவாகிவிட்டது. ஜாப்பை மாட்டுவது, டரெட்டைத் திருப்புவது, கேஜ் போட்டுப் பார்ப்பது எல்லாமே வேறு ஆள் செய்கிற மாதிரி இருந்தது. முதல் வாரம் நான் பார்த்த வேகம் இது இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நான் என்ன எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வாட்ச்சைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்த மனிதரைப் பற்றி இப்போது பார்ப்போம்.

பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா வக்கீல். அம்மா அடிமை முறையை எதிர்த்துப் பாடுபட்டவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவைச் சுற்றி வந்த பையன். அவனுக்கு ஒரு விநோதப் பழக்கம், எதையும் அளக்காமல் விடமாட்டான். விளையாடப் போனால் மைதானத்தை அங்குலக் கணக்கில் அளந்துவிட்டுத்தான் ஆட்டம். நடந்து போனால் காலடியை எண்ணுவான். ராத்திரி கெட்ட கனவு வந்தபோது, மல்லாந்து படுப்பதால்தான் வருகிறது என்று தானே கண்டுபிடித்து, தோல் வாரும் மரக்கூர்களும் வைத்து ஒரு சாதனம் செய்து உடம்பில் கட்டிக்கொண்டான். தூக்கத்தில் மல்லாந்தால் குத்தி எழுப்பிவிடும்! இப்படி ஒரு பையன் நம் ஹாஸ்டலில் இருந்தால் அவனை என்ன பாடுபடுத்தியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தேன்.

அப்பா மாதிரி வக்கீலாக வேண்டும் என்பது வீட்டின் திட்டம். 1874-ல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் சிறப்பாகவே தேறினார். ஆனால் கண்ணில் கோளாறு, தலைவலி. ராத்திரி பகல் படித்ததால் வந்தது என்று சொன்னார்கள். ஹார்வர்டை விட்டுவிட்டு பிலடெல்பியாவில் பம்ப் செய்யும் ஒரு சிறு கம்பெனியில் பேட்டர்ன் மேக்கிங்கும் மெஷினிஸ்ட் வேலையும் கற்க அப்ரன்டிஸாகச் சேர்ந்தார். முதல் வருஷம் சம்பளமே கிடையாது. வக்கீல் வீட்டுப் பிள்ளை, கையில் கிரீஸ். நம்ம கூட்டத்தில் ஒருவர் என்று எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான். என்ஜினியரிங் பட்டம் எல்லாம் பிறகுதான் வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்து 1883-ல் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் மெக்கானிக்கல் பட்டம் வாங்கினார். இதற்கு நடுவில் 1881-ல் அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் போட்டியில் இரட்டையர் பட்டமும் வென்றார் என்பதைப் படித்தபோது, கண் கோளாறு எங்கே போனது என்று கேட்கத் தோன்றியது.

1878-ல் பிலடெல்பியாவின் மிட்வேல் ஸ்டீல் கம்பெனியில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். கிளார்க், மெஷினிஸ்ட், கேங் பாஸ், ஃபோர்மேன் என்று மளமளவென்று ஏறி, சில ஆண்டுகளில் சீஃப் என்ஜினியர் ஆகிவிட்டார். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

மிட்வேல் மெஷின் ஷாப்பில் பீஸ் ரேட். இத்தனை பீஸுக்கு இவ்வளவு காசு. அப்படியென்றால் எல்லோரும் விழுந்தடித்து வேலை செய்ய வேண்டும் அல்லவா? யாரும் செய்யவில்லை. காரணம் லேத்தில் நின்ற டெய்லருக்கு நன்றாகத் தெரியும். ஒருவன் கூடுதலாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்தால், முதலாளி அடுத்த மாதமே பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவான். பழைய சம்பளம் வாங்க இருமடங்கு வேலை செய்ய வேண்டிவரும். அதனால் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்து, ஒரு நாளில் செய்ய முடிந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது டெய்லரின் கணக்கு. புதிதாக வருபவனுக்கு வேலையைச் சொல்லித்தரும் முன்னே இந்த வேகத்தைச் சொல்லித்தருவார்களாம். அவரும் தொழிலாளியாக இருந்தவரை அதை மீறவில்லை.

கேங் பாஸ் ஆனதும் மாறிவிட்டார். நேற்றுவரை தோளில் கை போட்டவர்களிடம் போய், இனி நான் நிர்வாகத்தின் பக்கம் என்று சொல்லிவிட்டார். இரண்டு மூன்று வருஷம் சண்டை நடந்தது. சொல்லிப் பார்த்தார், மிரட்டினார், ஆளை நீக்கினார், புது ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவனும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டான். அவர்கள் மெஷினை உடைத்துவிட்டு, இந்த ஆள் ஓட்டச் சொன்ன வேகத்தில் உடைந்துபோச்சு என்றார்கள். எப்படி உடைந்திருந்தாலும் அபராதம் என்றார் இவர். ராத்திரி ரயில் பாதை ஓரமாகத் தனியாக வீட்டுக்கு நடந்து போகாதே, சுட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அவர் அதே வழியாகத்தான் நடந்தார். கடைசியில் ஜெயித்தார். ஆனால் அந்த நாட்களைப் பற்றிப் பிறகு பேசும்போதெல்லாம் கசப்போடுதான் பேசினார். யார் முகத்தைப் பார்த்தாலும் பகை தெரிந்த வாழ்க்கை அது என்றார். அவர்கள் இடத்தில் தான் இருந்தால் தானும் அப்படித்தான் எதிர்த்திருப்பேன் என்றும் ஒப்புக்கொண்டார். மனுஷனிடம் எனக்குப் பிடித்தது இந்த நேர்மை.

அந்தச் சண்டையிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு நாள் வேலை என்றால் எவ்வளவு என்பது முதலாளிக்கும் தெரியாது, ஃபோர்மேனுக்கும் தெரியாது. எல்லாம் குத்துமதிப்பு. அதனால்தான் சண்டை. சரியாக அளந்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை! நான்கும் மூன்றும் ஏழு என்பதில் யாராவது சண்டை போடுவார்களா?

1880-ல் மிட்வேல் தலைவர் வில்லியம் செல்லர்ஸிடம் அனுமதி வாங்கி மெட்டல் கட்டிங் சோதனைகளை ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தார். முடிய 26 வருஷம் ஆனது! ரயில் என்ஜின் சக்கரத்தின் ஸ்டீல் டயரை வைத்துக் கடைந்து கடைந்து பார்த்தார்கள். கம்பெனி கம்பெனியாக மாறினாலும் சோதனை நிற்கவில்லை. மொத்தம் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள், 8 லட்சம் பவுண்டு இரும்பு சிப்ஸாகப் போயிற்று. இன்றைக்கு நாம் சாதாரணமாகத் திறந்துவிடுகிற கூலன்ட், அதன் பலனை எண் போட்டுக் காட்டியவர் அவர். டூல் முனையில் சிப் பிரிகிற இடத்தில் தண்ணீரைக் கொட்டினால் கட்டிங் ஸ்பீடை 40 சதவீதம் கூட்டலாம் என்று கண்டுபிடித்தார். பெத்லகேம் ஸ்டீல் கம்பெனிக்கு 1898-ல் போன பிறகு மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து, டூல் ஸ்டீலை உருகும் நிலைக்குப் பக்கம்வரை சூடாக்கி ஹை ஸ்பீடு ஸ்டீலை உருவாக்கினார். அவ்வளவு சூடு காட்டினால் டூல் நாசமாகிவிடும் என்பதுதான் அதுவரை எல்லோரும் நம்பியது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் லேத்தை ஓட்டிக் காட்டினார்கள். டூல் முனை சிவந்து எரிகிறது, சிப் நீல நிறத்தில் சுருண்டு விழுகிறது, டூல் மழுங்கவில்லை! பார்க்க வந்த ஐரோப்பிய என்ஜினியர்கள் வாய் பிளந்து நின்றார்கள். தங்கப் பதக்கம் கிடைத்தது. நம் ஒர்க்‌ஷாப்பில் எச்.எஸ்.எஸ். டூலை கிரைண்ட் பண்ணும்போது இனி இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடு, ஃபீடு, டெப்த் ஆஃப் கட், மெட்டலின் கடினம், டூலின் வடிவம் என்று 12 விஷயங்கள் கட்டிங்கைத் தீர்மானிக்கின்றன என்று பிரித்தெடுத்து, கார்ல் பார்த் என்ற கணித மூளைக்காரரைக் கொண்டு அத்தனையையும் ஒரு ஸ்லைடு ரூலில் அடக்கினார்கள். இதன் முழு அறிக்கையை அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினியர்கள் சங்கத்தின் தலைவராக 1906-ல் படித்தார். நம் டூல் லைஃப் ஈக்வேஷன் அதிலிருந்து வந்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அது நிற்கிறது. அந்த டெய்லரை நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரும்பை அளந்த அதே கையோடு அவர் மனுஷனையும் அளந்தார்.

பெத்லகேமில் 80 ஆயிரம் டன் பிக் அயர்ன் யார்டில் கிடந்தது. 1899-ல் அதை வேகன்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு பாளம் 92 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 42 கிலோ. குனிந்து எடுத்து, பலகையில் ஏறி, வேகனில் போட வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தார், கூலி 1 டாலர் 15 சென்ட். 47.5 டன் ஏற்ற முடியும் என்று கணக்குப் போட்டார் டெய்லர். ஹென்றி நால் என்ற தொழிலாளியைத் தேர்ந்தெடுத்து, எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும் என்று பக்கத்தில் ஒருவர் வாட்ச்சோடு நின்று சொல்லச் சொல்ல, அவர் 47.5 டன்னை ஏற்றினார். கூலி 1 டாலர் 85 சென்ட். தன் புத்தகத்தில் இவருக்கு ஷ்மிட் என்று பெயர் மாற்றி எழுதினார் டெய்லர்.

கால்குலேட்டரை எடுங்கள். வேலை 3.8 மடங்கு. கூலி 1.6 மடங்கு. 47.5 டன் என்றால் அவர்கள் டன் கணக்கில் 1,156 பாளம். பத்து மணி நேர வேலை என்று வைத்தால் அரை நிமிஷத்துக்கு ஒன்று, நாள் முழுக்க. எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் இது முடியும் என்று டெய்லரே எழுதியிருக்கிறார். மற்ற ஏழு பேர்? வேறு வேலை கொடுத்தோம் என்கிறார். இந்தக் கதை முழுதும் நடந்தபடி எழுதப்பட்டதல்ல, டெய்லர் நிறையப் பூசி மெழுகியிருக்கிறார் என்று 1974-ல் ஆய்வாளர்கள் பழைய கம்பெனிக் கணக்குகளைப் பார்த்துக் காட்டினார்கள். அளவுதான் எல்லாம் என்று வாழ்ந்தவர் தன் கதையை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார்!

எனக்கு உறுத்தியது வேறு. இந்த வேலைக்கு மாட்டைப் போல மந்த புத்தி உள்ளவன்தான் பொருத்தம், இதன் அறிவியல் அவனுக்குப் புரியாது, படித்தவன்தான் அவனை நடத்த வேண்டும் என்று எழுதினார் டெய்லர். அதே பக்கங்களில் அந்த ஆளைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார். வேலைக்கு வரும் முன்பும் முடிந்த பின்பும், தான் வாங்கிய சின்ன மனையில் சொந்தக் கையால் வீடு கட்டிக்கொண்டிருந்தாராம். நண்பர்களே, வீடு கட்டத் தெரிந்தவன் எப்படி மாடு ஆனான்?

மண்வெட்டிச் சோதனை இதைவிட நல்ல கதை. யார்டில் ஒவ்வொருவரும் சொந்த ஷவலைக் கொண்டுவந்து, பொடி நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் ஒரே ஷவலையே பயன்படுத்தினார்கள். நிலக்கரி அள்ளினால் மூன்றரை பவுண்டு, தாது அள்ளினால் 38 பவுண்டு. ஒன்றில் காற்றைத்தான் அள்ளுகிறான், இன்னொன்றில் இடுப்பு ஒடிகிறது. ஒரு தடவைக்கு 21 பவுண்டு இருந்தால்தான் களைப்பில்லாமல் அதிகம் அள்ளலாம் என்று அளந்து கண்டுபிடித்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஷவல் செய்து கம்பெனியே கொடுத்தது. ஒரு ஆள் அள்ளியது நாளுக்கு 16 டன்னிலிருந்து 59 டன் ஆயிற்று, கூலி 1.15-லிருந்து 1.88 டாலர். சைக்கிள் பேரிங் பால்களைச் சோதிக்கும் பெண்களிடமும் அப்படித்தான். வேலை நேரத்தைப் பத்தரை மணியிலிருந்து எட்டரை மணியாகக் குறைத்து, நடுவில் ஓய்வு கொடுத்தார். வேலை கூடியது, தப்பு குறைந்தது, சம்பளம் ஏறக்குறைய இருமடங்கு ஆயிற்று. இதெல்லாம் சாதாரண விஷயமில்லை. நேரத்தைக் கூட்டினால்தான் உற்பத்தி கூடும் என்று நம்புகிற முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் யார்டில் இருந்த 400 முதல் 600 பேர் சுமார் 140 ஆனார்கள். பால் சோதித்த 120 பெண்கள் 35 ஆனார்கள். கணக்குப் புத்தகத்தில் இது லாபம் என்ற ஒரு வரி. போனவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் வரி இல்லை.

இனி ஆபீஸ் விஷயம். 21 பவுண்டு ஷவலை எந்த ஆள், எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்று தினமும் யாராவது சொல்ல வேண்டுமே? சுமார் 2 மைல் நீள யார்டில் சிதறிக் கிடக்கும் ஆட்களுக்கு அதற்காகவே ஓர் ஆபீஸ் முளைத்தது. கிளார்க்குகள், வரைபடம், டெலிபோன். காலையில் ஒவ்வொரு தொழிலாளியும் தன் எண் போட்ட பெட்டியிலிருந்து இரண்டு சீட்டு எடுப்பார். ஒன்றில் இன்றைக்கு எந்தக் கருவி, எங்கே வேலை. இன்னொன்றில் நேற்றைய கணக்கு. நேற்று அளவை முடித்திருந்தால் வெள்ளைச் சீட்டு, முடிக்கவில்லை என்றால் மஞ்சள் சீட்டு. பலருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் மஞ்சள் நிறம் எல்லோருக்கும் தெரியும்.

மெஷின் ஷாப்பில் இது இன்னும் பெரிதானது. ஒரே ஃபோர்மேன் இருந்த இடத்தில் எட்டுப் பேர். மேனேஜ்மென்ட் பேப்பருக்குப் படித்திருப்பீர்களே, ஃபங்ஷனல் ஃபோர்மேன்ஷிப்! நாலு பேர் பிளானிங் ரூமில், நாலு பேர் ஷாப்பில். எந்த டூல், என்ன ஸ்பீடு, எத்தனை நிமிஷம் என்று எல்லாமே இன்ஸ்ட்ரக்‌ஷன் கார்டில் எழுதி வரும். யோசிப்பது மேலே, செய்வது கீழே. டெய்லரின் முறைக்கு எலும்பு மாதிரி இருப்பது இந்தப் பிரிவினைதான்.

இதில் நல்லதும் இருந்தது, மறைக்கக் கூடாது. அதற்கு முன்பு ஃபோர்மேன் வைத்ததுதான் சட்டம். பிடித்தவனுக்கு லேசான வேலை, பிடிக்காதவனுக்கு நாற்றம் பிடித்த வேலை. கார்டு வந்த பிறகு அந்த ராஜாங்கம் சரிந்தது. கார்டுக்கு யார் மாமன் யார் மச்சான் என்று தெரியாது. பழைய டர்னர் இருபது வருஷம் மூடி வைத்திருந்த சூட்சுமத்தை நேற்று வந்த பையன் கார்டைப் பார்த்து ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டான். ஆனால் அதே கார்டு பழைய டர்னரின் கையிலிருந்த ஒரே சொத்தையும் எழுதி வாங்கிக்கொண்டது. இனி அவர் இல்லாமலும் நடக்கும். எட்டுப் பேரும் எட்டு உத்தரவு போட்டால் யார் பேச்சைக் கேட்பது என்ற சிக்கல் வேறு. பிரான்ஸில் ஹென்றி ஃபயோல் இந்த இடத்தில்தான் டெய்லரை மறுத்தார்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நாம் டிப்ளமோ முடித்துப் போய் உட்காரப்போகிற நாற்காலி இருக்கிறதே, சூப்பர்வைசர், பிளானிங், டைம் ஸ்டடி, அது டெய்லர் போட்ட நாற்காலி. எழுதுகிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவில் போட்டிருக்கிறார்.

அவருக்கும் அது சுகமாக இல்லை. மிட்வேலுக்கும் பெத்லகேமுக்கும் நடுவே காகிதக் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் மானேஜராக இருந்து நொந்துபோனார். பெத்லகேமில் மற்ற மானேஜர்களோடு ஓயாத தகராறு. இத்தனை கிளார்க்குக்குச் சம்பளம் கொடுப்பது தண்டம் என்றார்கள் அவர்கள். 1901-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. பிலடெல்பியாவில் தன் வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் மணிக்கணக்கில் தன் முறையை விளக்குவார். பெற்றோரை இழந்த மூன்று குழந்தைகளை அவரும் மனைவி லூயிஸும் தத்தெடுத்து வளர்த்தார்கள். மிச்ச நேரத்தில் கோல்ஃப் மைதானத்துக்கு எந்தப் புல் சரி என்று ஆராய்ச்சி!

1910-ல் ரயில்வே கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தை உயர்த்தக் கேட்டபோது, லூயிஸ் பிராண்டிஸ் என்ற வக்கீல் எதிர்த்து வாதாடினார். டெய்லர் வழியில் நிர்வாகம் செய்தால் ரயில்வே ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் மிச்சப்படுத்தலாம் என்று ஹாரிங்டன் எமர்சன் சாட்சி சொன்னார். அடுத்த நாள் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் இதே பேச்சு. சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட் என்ற பெயரே அந்த வழக்குக்காகத்தான் முடிவு செய்யப்பட்டது. 1911-ல் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. பிறகு கேட்க வேண்டுமா! ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கியவனெல்லாம் எக்ஸ்பர்ட் ஆனான். டெய்லர் சொன்னதில் பாதியை, அதாவது வேகத்தை மட்டும், முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். கூலியைக் கூட்டு, ரேட்டைக் குறைக்காதே, பல வருஷம் பொறுமையாகச் செய் என்ற மிச்சப் பாதியை விட்டுவிட்டார்கள். அவர் புலம்பினார். எனக்கென்னவோ, வாட்ச்சை ஒரு பக்கத்தின் கையில் மட்டும் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்பது மிட்வேலிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அதே 1911 ஆகஸ்டில் பாஸ்டன் நகரை அடுத்த வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்சாலையில் ஒரு மோல்டரின் பக்கத்தில் வாட்ச்சோடு ஒருவர் போய் நின்றார். வந்தவருக்கு மெஷின் ஷாப் தெரியும், ஃபவுண்டரி வேலை அவ்வளவாகத் தெரியாது. மோல்டர்கள் அன்று சாயங்காலம் கூடிப் பேசினார்கள். அடுத்த நாள் வாட்ச்சுக்கு முன்னால் வேலை செய்ய மறுத்த ஒருவரை நீக்கியதும், மற்ற மோல்டர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்கள். ஒரு வாரம்தான் நடந்தது. ஆனால் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழுவின் தலைவர் வில்லியம் வில்சன், சுரங்கத் தொழிலாளியாக இருந்து வந்தவர். 1912 ஜனவரியில் நாலு நாள் டெய்லர் சாட்சி சொன்னார். ஒவ்வொரு மனிதனும் தனக்குப் பொருத்தமான ஏதோ ஒரு வேலையில் முதல்தரமானவன்தான், முடிந்தும் செய்யாதவனைப் பற்றித்தான் எனக்குக் கவலையில்லை என்று வாதாடினார். முதல்தரம் இல்லாதவன் சாப்பிட வேண்டாமா என்ற திசையிலேயே வில்சன் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசி நாளில் டெய்லர் பொறுமை இழந்துவிட்டார். வார்த்தைகள் தடித்துப்போய், அந்தப் பகுதியைப் பதிவேட்டிலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து அவர் தெம்பாக இருந்ததாகத் தெரியவில்லை. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நண்பன் என்று தன்னை நினைத்தவரை இரண்டு பக்கமும் சந்தேகமாகப் பார்த்தார்கள். 1915-ல் சொற்பொழிவுக்காக வெளியூர் போய்விட்டு ரயிலில் திரும்பும்போது சளி பிடித்தது. அது நிமோனியாவாகி, மார்ச் 21-ஆம் தேதி, 59-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், பிலடெல்பியாவில் காலமானார். அதே மாதம்தான் அமெரிக்க நாடாளுமன்றம், ராணுவத் தொழிற்சாலைகளில் தொழிலாளியை ஸ்டாப் வாட்ச்சால் அளக்கப் பணம் செலவழிக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியது. அந்தத் தடை 1949 வரை நீடித்தது. இதில் வேடிக்கை, டெய்லர் முறையை உழைப்பாளியின் ரத்தத்தை உறிஞ்சுவது என்று எழுதிய லெனின், புரட்சிக்குப் பிறகு 1918-ல் ரஷ்யத் தொழிற்சாலைகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இருபது சைக்கிளின் சராசரி ஒரு பீஸுக்கு 5 நிமிஷம் வந்தது. ஷீட்டில் ரேட்டிங் என்று ஒரு கட்டம் உண்டு. ஆள் சாதாரண வேகத்தில் செய்தால் 100, மெதுவாகச் செய்தால் குறைவு. அதற்கு அளவுகோல் கிடையாது, பார்த்து மனசில் படுவதைப் போட வேண்டியதுதான். நான் 80 போட்டேன். 5 நிமிஷம் 4 ஆனது. 15 சதவீதம் அலவன்ஸ் சேர்த்து 4.6 நிமிஷம். எட்டு மணி நேரத்துக்கு 104 பீஸ். அதுவரை அங்கே டார்கெட் 90. அதற்கு மேல் போனால் இன்சென்டிவ். முதல் வாரம் நான் பார்த்தபோது அந்த அண்ணன் 100 வரை போவார். ஷீட்டைப் பார்த்த என்ஜினியர் நன்றாகச் செய்திருக்கிறாய் தம்பி என்றார். என் டிரெயினிங் ரிப்போர்ட்டில் அதற்கு நல்ல மார்க்கும் கிடைத்தது.

கடைசி நாள் சொல்லிக்கொண்டு போகலாம் என்று டரெட் லேத் பக்கம் போனேன். போர்டில் 104 என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நின்று பேச அவருக்கு நேரமில்லை.